செஞ்சோற்றுக் கடனும் பகடையும்: நுவார் பாத்திர ஆட்டம் குறித்து ஓர் ஆராய்ச்சி

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் செஞ்சி நெருங்கும்போது, உருண்டைப் பாறைகளை யாரோ கூடை கூடையாகக் கொட்டிவைத்தாற்போல் எழும் குன்றுகளையும், அவற்றின் மேலும் கீழுமாக வளைந்து செல்லும் மதிலையும் கண்டவுடன், பக்கத்தில் இருப்பவரிடம் தேசிங்கு ராஜன் பெயரைச் சொல்லாத பிரயாணி அபூர்வம். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்து, தோழன் மகபத்கானோடு போர்க்களம் சென்று 1714ஆம் ஆண்டில் உயிர்விட்ட அந்த வாலிபனுடைய கதை, பாட்டாகி, சிறு புத்தகமாகி, நாடகமாகி, திரைப்படமும் ஆகித் தமிழ்நாடு முழுவதும் பரவியிருக்கிறது. அந்தக் கதையில் நண்பன் நண்பன்தான், பகைவன் பகைவன்தான். எவன் எந்தப் பக்கம் என்று கேட்கவேண்டிய அவசியம் எந்த இடத்திலும் நேர்வதில்லை.

ஆனால் அதே குன்றுகளின் அடிவாரத்தில், அதற்கு முந்திய தலைமுறையில் நடந்த வேறொரு கதை உண்டு. சிவாஜியின் இளைய குமாரன் ராஜாராம் மராட்டிய நாட்டிலிருந்து தப்பி வந்து செஞ்சியில் அடைக்கலம் புகுந்திருந்தான். ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர்கான் 1690ஆம் ஆண்டில் கோட்டையை வளைத்தான். கோட்டை விழுந்தது 1698இல். இடைப்பட்ட அந்த எட்டு ஆண்டுகளில் யார் யாருக்கு விசுவாசமாக இருந்தார்கள் என்பதைச் சரித்திர ஆசிரியர்கள் இன்னமும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பாதுஷாவின் சொந்த மகனான காம்பக்ஷ், கோட்டைக்குள் இருந்த எதிரியோடு இரகசியக் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தான் என்று தளபதியே அவனைக் கைது செய்தான். அந்தத் தளபதியோ, முற்றுகையை வேண்டுமென்றே நீட்டினான் என்றும், கடைசியில் ராஜாராம் தப்பிப் போவதைக் கண்டும் காணாததுபோல் இருந்தான் என்றும் அக்காலத்தவரே சந்தேகித்தார்கள். அந்தப் பாளையத்தில் இருந்து பாரசீகத்தில் நினைவுக் குறிப்புகள் எழுதிய பீம்சேன், ஜுல்பிகர்கான் மனம் வைத்திருந்தால் கோட்டையை எப்போதோ பிடித்திருக்கலாம் என்று ஒளிவுமறைவின்றி எழுதிவைத்திருக்கிறார். 1943ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாகச் செஞ்சியின் சரித்திரத்தை எழுதிய சி. எஸ். சீனிவாசாச்சாரியாரின் நூலில் இப்பகுதியைப் படிப்பவர்களுக்கு, வீரத்தைக் காட்டிலும் சஞ்சலமே அதிகமாக மனத்தில் தங்கும்.

ஒரு விளையாட்டைப் பற்றிய ஆராய்ச்சியை இவ்விரு கதைகளோடு தொடங்குவதற்குக் காரணம் உண்டு. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை மேற்கொண்டு, பேசியும் பகடை உருட்டியும் ஒரு கதையைக் கூட்டாக உண்டாக்கும் பாத்திர ஆட்டம், அதாவது ரோல் பிளேயிங் கேம், பெரும்பாலும் தேசிங்கு ராஜன் கதை போன்ற கதைகளுக்காகவே பிறந்தது. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாநிலத்தில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெஸன் என்ற இருவர் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகைக்கு முதல் நூல். வாளும் மந்திரமும் உடைய வீரர்கள் குகைக்குள் இறங்கி, பூதத்தை வென்று, பொருளோடு திரும்பி, முன்னிலும் பலசாலி ஆவார்கள் என்பது அதன் அமைப்பு. அந்த அமைப்புக்கு நேர்மாறான இரண்டாவது வகைக் கதையை, அதாவது பாத்திரங்கள் பலசாலி ஆகாமல் படிப்படியாகச் சீரழியும் கதையை, மேஜைமேல் ஆட முடியுமா, ஆடினால் அது விளையாட்டாக இருக்குமா என்பதே இங்கே நாம் எடுத்துக்கொண்ட கேள்வி.

அத்தகைய கதைகளுக்கு ‘நுவார்’ என்று பெயர். பிரெஞ்சில் கறுப்பு என்று பொருள்படும் அச்சொல்லை 1946ஆம் ஆண்டில் நீனோ பிராங்க் என்ற விமரிசகர் சில அமெரிக்கத் திரைப்படங்களைக் குறிக்கப் பயன்படுத்தினார். அந்தப் படங்களுக்கு அடிநிலமாக இருந்தவை டாஷியல் ஹாமெட், ரேமண்ட் சாண்ட்லர் முதலியோர் எழுதிய குற்றக் கதைகள். ஹாமெட் உண்மையிலேயே பிங்கர்ட்டன் நிறுவனத்தில் துப்பறியும் வேலை பார்த்தவர்; குற்றவாளிக்கும் கனவானுக்கும் இடையே சுவர் அவ்வளவு உயரமானதல்ல என்பதை நேரில் கண்டு எழுதினார். மழையில் நனைந்த தெரு, சாய்ந்த தொப்பி, ஜன்னல் பலகையின் நிழல் விழுந்த முகம் ஆகிய இவையெல்லாம் அக்கதைகளின் ஆடையே அன்றி உடல் அல்ல. தான் செய்வது தவறு என்று அறிந்தே ஒருவன் ஓரடி வைப்பதும், அந்த ஓரடியினின்று மீள முடியாமற் போவதுமே உடல். இந்த வேறுபாட்டை மறந்ததால்தான் முதல் முயற்சிகள் பல பலிக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

1982ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கேங்பஸ்டர்ஸ்’ என்ற ஆட்டத்தை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். மதுவிலக்குக் கால அமெரிக்க நகரம், கொள்ளைக் கும்பல், போலீஸ், பத்திரிகை நிருபர் எல்லாம் அதில் உண்டு. ஆடுபவர்கள் அதை ரசித்தும் ஆடினார்கள். ஆயினும் பாத்திரம் அனுபவம் பெற்று மேலும் மேலும் வலுவடையும் பழைய சக்கரமே அதிலும் சுழன்றது. அதற்கு ஓராண்டு முன்னதாக வந்த ‘கால் ஆஃப் கதுலு’ பேய்க்கதை ஆட்டமாக இருந்தும் நுவாருக்கு அதைவிட நெருக்கமானது. ஏனெனில், அதில் உண்மையை நெருங்க நெருங்கப் பாத்திரத்தின் சித்தத் தெளிவு என்ற எண் குறைந்துகொண்டே போகும். ஆடுபவனுடைய காகிதத்தில் ஓர் எண் ஏறுவதற்குப் பதில் இறங்குவதே கதையாகும் என்பதை அந்த ஆட்டம் காட்டிக் கொடுத்தது.

அந்தப் பாதையில் இரண்டு நூல்கள் வெகுதூரம் சென்றன. 2008ஆம் ஆண்டில் கிரெக் ஸ்டோல்ஸி எழுதிய ‘எ டர்ட்டி வேர்ல்ட்’ ஆட்டத்தில், மனிதனுடைய பலம், புத்தி என்றெல்லாம் எண்கள் கிடையா. தாராளமும் சுயநலமும், தைரியமும் ஆத்திரமும், நேர்மையும் வஞ்சகமும் என்று எதிரெதிரான குணங்கள் இரட்டை இரட்டையாக எழுதப்பட்டிருக்கும். பாத்திரம் செய்யும் ஒவ்வொரு காரியமும் அந்தத் தராசை ஒரு பக்கம் சாய்க்கும். பொய் சொல்லிப் பொய் சொல்லி அதில் வல்லவனானவன், மெய் சொல்லவேண்டிய வேளை வரும்போது அதற்கான சக்தியே தன்னிடம் இல்லை என்று காகிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வான். உபதேசம் எதுவும் செய்யாமல் எண்களாலேயே இதை உணர்த்திய சாமர்த்தியம் பாராட்டத்தக்கது.

மற்றது 2009ஆம் ஆண்டில் ஜேஸன் மார்னிங்ஸ்டார் வெளியிட்ட ‘ஃபியாஸ்கோ’. கோயன் சகோதரர்களின் ‘பிளட் சிம்பிள்’, ‘ஃபார்கோ’ ஆகிய படங்களைப்போல, அற்ப ஆசையும் அவசர புத்தியும் கூடிப் பெருநாசத்தில் முடியும் கதைகளுக்காக அமைந்தது. மூன்று முதல் ஐந்து பேர்; ஆளுக்கு நான்கு பகடைகள், அவற்றுள் பாதி வெள்ளை, பாதி கறுப்பு; ஆட்டத்தை நடத்தத் தனியாக ஒருவர் வேண்டியதில்லை. பகடையை உருட்டி, அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு இருவருக்கும் இடையே ஓர் உறவையும், ஓர் ஆசையையோ பொருளையோ இடத்தையோ முதலில் நிர்ணயித்துக்கொள்கிறார்கள். பிறகு காட்சி காட்சியாக நடித்துப் பேசுகையில், காட்சி நன்மையில் முடிந்தால் வெள்ளைப் பகடையும் தீமையில் முடிந்தால் கறுப்பும் கைமாறும். கடைசியில் தத்தம் கையிலுள்ள பகடைகளை உருட்டி, வெள்ளைக் கூட்டுத்தொகைக்கும் கறுப்புக் கூட்டுத்தொகைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கவேண்டும். முழுக்க வெள்ளையாக வாழ்ந்தவனும் தப்பிக்கலாம், முழுக்கக் கறுப்பாக வாழ்ந்தவனும் தப்பிக்கலாம். இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகி வித்தியாசம் பூஜ்யத்தை நெருங்குகிறவனுக்கே படுநாசம். நல்லவனாகவும் இருக்கத் துணியாமல் கெட்டவனாகவும் இருக்கத் துணியாமல் நடுவில் ஊசலாடியவன் கதியை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன விதி வேறொன்றை நான் கண்டதில்லை.

இனி, துப்பறிதலுக்கும் நுவாருக்கும் உள்ள உறவைச் சிறிது பார்க்கவேண்டும். தமிழர் இவ்விடத்தில் மயங்குவது சகஜம். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் காலந்தொட்டு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ், வஸந்த் ஆகியோர் வரையில் நம்மிடம் துப்பறியும் கதைகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ரயில் நிலையத்துப் புத்தகக் கடையில் மாத நாவல் வாங்கிப் படித்து வளர்ந்த தலைமுறைகளுக்கு இது தெரியும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில், குலைந்த ஒழுங்கு கடைசி அத்தியாயத்தில் திரும்ப நிலைபெறும். துப்பறிபவர் கறைபடாமல் வெளியே வருவார். மேஜை ஆட்டத்தில் இவ்வகைக்கு வேறொரு சங்கடமும் உண்டு. தடயத்தைக் கண்டுபிடிக்கப் பகடை உருட்டி, பகடை தவறிவிட்டால் கதை அங்கேயே நின்றுபோகும். ராபின் லாஸ் வகுத்த ‘கம்ஷூ’ முறையும், அதைக்கொண்டு கென்னத் ஹைட் 2008ஆம் ஆண்டில் எழுதிய ‘டிரெயில் ஆஃப் கதுலு’வும் இதற்கு ஒரு பரிகாரம் கண்டன: உரிய திறமையோடு உரிய இடத்தில் தேடியவனுக்குத் தடயம் கட்டாயம் கிடைக்கும், கிடைத்ததன் அர்த்தம் என்ன, அதை வைத்து என்ன செய்வது என்பதே ஆட்டம். விவேகமான தீர்வுதான். எனினும் நுவாருக்கு இது பாதிதான் உதவும், ஏனெனில் அங்கே ‘யார் கொன்றது?’ என்ற கேள்வியைவிட, ‘தெரிந்துகொண்ட பிறகு நீ என்ன செய்யப் போகிறாய்?’ என்ற கேள்வியே கனமானது.

இதைத் தமிழில் ஒரு படம் அற்புதமாகக் காட்டியது. எஸ். பாலச்சந்தர் இயக்கி, ஏவி.எம். நிறுவனத்தார் 1954இல் வெளியிட்ட ‘அந்த நாள்’ பாட்டும் நடனமும் இல்லாமல் வந்தது என்பதற்காகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. அது அதன் மேன்மையில் சிறு பகுதியே. 1943ஆம் ஆண்டில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய நாளை ஒட்டி, ராஜன் என்ற வானொலிப் பொறியாளர் சுட்டுக் கொல்லப்படுகிறார். அண்டை வீட்டுக்காரர், தம்பி, தம்பியின் மனைவி, வேறொரு பெண், மனைவி என்று ஒவ்வொருவராகச் சொல்லும்போது, ஒவ்வொருவர் வாக்குமூலமும் மற்றொருவரைச் சந்தேகத்துக்குள்ளாக்குகிறது. ராஜனாக நடித்த சிவாஜி கணேசனோ, தேசத்துக்கும் தன் புத்திக்கும் செய்யவேண்டிய கடமைகளைக் குழப்பிக்கொண்ட ஒரு மனிதனை, வெறுக்கவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் நம் முன் நிறுத்தினார். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர்மேல் ஒருவர் கதை கட்டி ஆடுவதற்கு இதைக் காட்டிலும் பொருத்தமான மாதிரி அமெரிக்காவிலும் அதிகம் இல்லை. தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’ 2011இல் வந்தபோது புதுமை என்று வியந்தவர்கள், ஐம்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே வாசல் திறந்திருந்ததை நினைத்துப் பார்த்திருக்கலாம்.

இப்போது பிரதான ஆட்சேபணைக்கு வருவோம். நுவார் கதையில் முடிவு விதிக்கப்பட்டுவிட்டது. ஆட்டம் என்றால் ஆடுபவனுக்குச் சுதந்திரம் வேண்டும். ஆகையால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தா என்பது அந்த ஆட்சேபணை. தர்க்க ரீதியாக இது வலுவானதுதான். ஆனால் செஞ்சிச் சீமையில் பிறந்தவனுக்கு இந்த ஆட்சேபணை செல்லாது என்பது என் துணிபு.

செஞ்சி வட்டாரம் திரௌபதி அம்மன் வழிபாட்டுக்குத் தாயகம். பழைய செஞ்சியாகிய மேலச்சேரியின் திரௌபதி அம்மன் கோயிலை மூலக் கோயிலாகக் கொண்டு அவ்வழிபாடு பரவிய வரலாற்றை, ஆல்ஃப் ஹில்ட்பைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இங்கே பாரதத் திருவிழாவில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. கூத்து மேடையை அருகிலிருந்து கவனியுங்கள். இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரிகிறது; கீழே சலங்கை கட்டிய கால்கள். முகவீணை உச்சத்தில் ஏறுகிறது. உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே திரையை உலுக்குகிறார். வெளியே கட்டியக்காரன் நின்று, வந்திருப்பது யார், எந்த நாடு, என்ன காரியம் என்று கேட்கிறான். வேஷக்காரர் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொண்ட பிறகே திரை விலகும். கட்டியக்காரன் சேவகனாவான், தூதனாவான், ஊர்க்காரனாவான், ஜனங்களின் சார்பில் கேள்வி கேட்பவனுமாவான். பாத்திர ஆட்டத்தில் கதையை நடத்துபவர் செய்யும் வேலை, ஒன்றுவிடாமல், இதுவே. அப்பதவிக்குத் தமிழில் பெயர் தேடுவோர் வேறெங்கும் அலையவேண்டியதில்லை. கட்டியக்காரன் என்றே வைத்துக்கொள்ளலாம்.

கர்ண மோட்சம் நடக்கும் இரவில், கர்ணன் சாகப்போகிறான் என்பதை அறியாத குழந்தைகூட அந்தக் கூட்டத்தில் இருக்காது. ஆயினும் விடியும்வரை ஒருவரும் எழுந்து போவதில்லை. எதற்காகக் காத்திருக்கிறார்கள்? தான் நிற்கும் பக்கம் தோற்கும் பக்கம் என்பதையும், எதிரில் நிற்பவர்கள் தன் தம்பியர் என்பதையும் அறிந்த பின்னும், உண்ட சோற்றுக்காக அவன் எப்படி அந்தப் பக்கத்திலேயே நிற்கிறான் என்பதைப் பார்ப்பதற்காக. அந்தக் கடனுக்குத் தமிழில் செஞ்சோற்றுக் கடன் என்று பெயர். நுவார் கதைகளின் இருதயம் எதுவென்று என்னைக் கேட்டால், அந்த ஒரு சொல்லையே சொல்வேன். தன்னைக் கைதூக்கிவிட்ட தாதாவைக் காட்டிக்கொடுக்க முடியாத அடியாளும், பழைய கூட்டாளிக்காகச் சாட்சியை மறைக்கும் துப்பறிவாளனும் கர்ணனுக்கு உறவுக்காரர்களே. முடிவு தெரிந்திருப்பது சுதந்திரத்தைப் பறிப்பதில்லை, ‘என்ன ஆகும்?’ என்ற கேள்வியிலிருந்து ‘எப்படி நடந்துகொள்வான்?’ என்ற கேள்விக்கு அதை மாற்றுகிறது. பாத்திர ஆட்டத்தில் ஆடுபவனுக்கு வேண்டிய சுதந்திரம் இந்த இரண்டாவது கேள்வியிலேயே தாராளமாகக் கிடைக்கிறது.

தீயவனாக நடிப்பது மனத்தைக் கெடுக்காதா என்று பெற்றோர் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி, அலட்சியம் செய்யத் தகாதது. மேல்நாட்டு ஆட்டக்காரர்கள் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். ஜான் ஸ்டவ்ரோபூலோஸ் என்பவர் ஏற்படுத்திய முறைப்படி, பெருக்கல் குறியிட்ட ஓர் அட்டையை மேஜை நடுவில் வைத்துவிடுவார்கள். காட்சி எவருக்கேனும் தாங்க முடியாததானால், காரணம் சொல்லாமலே அவர் அட்டையைத் தொடலாம். அந்தக் காட்சி அதோடு நீக்கப்படும். ‘பகடைத் துகில்’ கூத்தில் துச்சாதனன் வேஷம் கட்டியவர், திரௌபதியின் சேலையில் கை வைப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்பு வேண்டிக்கொள்ளும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. கதை நிற்கிறது, வேஷம் விலகி மனிதன் வெளிப்படுகிறான், கும்பிடுகிறான், பிறகு வேஷம் தொடர்கிறது. அந்த அட்டையும் இந்தக் கற்பூரமும் ஒரே அறிவிலிருந்து பிறந்தவை. தீமையை நடிக்கலாம், நடிப்பதனால் அதை அறியலாம். நடிப்பது இன்னதென்ற நினைவு மட்டும் தவறக்கூடாது.

இனிச் செஞ்சி முற்றுகையை மேஜைமேல் வைத்துப் பார்ப்போம். முற்றுகைக் காலத்தில் ஒரு நாள். செஞ்சிக் குன்றுகளுள் ஒன்றான இராஜகிரியின் அடிவாரத்தில் மொகலாயப் பாளையம். நால்வர் ஆடுகிறார்கள். ஒருவர் பாளையத்தின் தானியக் கணக்கு எழுதும் குமாஸ்தா. ஒருவர் எருதுப் பொதியில் தானியம் கொண்டுவரும் லம்பாடி. ஒருவர், தமக்கை கோட்டைக்குள் இருக்க, தான் மொகலாயர் சம்பளத்தில் இருக்கும் மராட்டியச் சிப்பாய். ஒருவர் மலையின் ஒற்றையடிப் பாதைகளை அறிந்த உள்ளூர்க்காரர். இந்நால்வரும் கற்பனை, பஞ்சமும் பாளையமும் சரித்திரம். குமாஸ்தாவாக இருப்பவர் கையில் ஏடு இல்லை, ஆனாலும் இருப்பதுபோல் விரலால் வரி தேடுகிறார்.

“மூட்டை எத்தனை?”

“பதினெட்டு, ஐயா.”

“சீட்டில் இருபது என்று இருக்கிறதே?”

“வழியில் இரண்டு பிரிந்து சிந்திப்போச்சு, ஐயா. உங்களுக்குத் தெரியாததா?”

லம்பாடியாக ஆடுபவர் இதைச் சொல்லிவிட்டு, மேஜைமேல் ஒரு நாணயத்தை வைத்து மெல்ல நகர்த்துகிறார். சிப்பாயாக ஆடுபவர் வேறு பக்கம் பார்க்கிறார். அந்த இரண்டு மூட்டைகளும் போன இடம் மலைமேல் என்று அவருக்குத் தெரியும், தமக்கைக்காக அவரே ஏற்பாடு செய்தது. குமாஸ்தா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘இருபது’ என்று எழுதுகிறார். ஒருவரும் கத்தியை உருவவில்லை, ஒருவரும் சாகவில்லை. ஆனால் அந்த மேஜையில் இருக்கும் நால்வருக்கும், இனி மீளும் வழி இல்லை என்பது அந்த வினாடியிலேயே தெரிந்துவிடும். பாதுஷாவின் மகனும் தளபதியும் கோட்டைக்கும் பாளையத்துக்கும் நடுவில் செய்ததையே, இந்த எளிய மனிதர்கள் இரண்டு மூட்டைத் தானியத்தின் அளவில் செய்கிறார்கள். தொப்பியும் மழைத் தெருவும் இல்லாமலே, சித்திரை வெயிலில் கொதிக்கும் பாறைகளுக்கு நடுவிலும் நுவார் முழுமையாக நிகழக்கூடும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

எஞ்சியிருப்பது பாஷைப் பிரச்சினை. மேலே சொன்ன விதிநூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அவற்றை வைத்து ஆடும்போது, விதியை ஆங்கிலத்தில் படிக்கும் பழக்கத்தால் பாத்திரத்தின் பேச்சும் ஆங்கிலமாகிவிடுவது இயல்பு. வாள்வீரன் எந்தப் பாஷையில் பேசினாலும் பெரிய நஷ்டம் இல்லை. நுவாரில் அப்படியல்ல. ‘உங்களுக்குத் தெரியாததா?’ என்ற இரண்டு வார்த்தைகளில் பணிவும் மிரட்டலும் கூட்டுச் சதியும் ஒருங்கே அடங்கியிருப்பதை வேறு பாஷைக்குக் கொண்டுபோக முடியாது. ஐயா என்பது எப்போது மரியாதை, எப்போது எச்சரிக்கை என்பது நம் காதுக்கே தெரியும். ஆகவே இவ்வகை ஆட்டம் தமிழில் நடக்கவில்லையென்றால், தமிழருக்கு அது நடக்கவே இல்லை என்றுதான் நான் சொல்வேன்.

‘ஃபியாஸ்கோ’ போன்ற ஆட்டத்துக்குப் புதிய களம் எழுத அச்சுக்கூடமோ பெருமுதலோ வேண்டாம். உறவுகள், ஆசைகள், பொருள்கள், இடங்கள் என்ற நான்கு பட்டியல்களை எழுதினால் போதும். செஞ்சியிலும் மேலச்சேரியிலும் இரவெல்லாம் கூத்துப் பார்த்து வளர்ந்த இளைஞர்களும் யுவதிகளும் இதைக் கையில் எடுக்கவேண்டும் என்று வேண்டுகிறேன். இடங்களுக்குக் கல்யாண மகாலும், தானியக் களஞ்சியமும், இராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் பள்ளத்தின்மேல் போட்ட பாலமும் கண்ணெதிரே இருக்கின்றன. 2025ஆம் ஆண்டு முதல் அவை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளன. பேச்சை உங்கள் வீட்டுப் பேச்சாகவே வையுங்கள். தேசிங்கு ராஜனை மட்டும் இந்த ஆட்டத்துக்குள் அழைத்து வராதீர்கள். முற்றுகை முடிந்தபோது அவன் சிறு பிள்ளை. அவன் தந்தை சொரூப்சிங் கில்லேதாராக, அதாவது கோட்டைத் தலைவனாகச் செஞ்சிக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.